எருக்கிலையில் தொடங்கும் சிறகு

தியானப் பகுதி: ரோமர் 12:1, 2



வேதாகமத்தில் எறும்பு உண்டு. தேனீயும் வெட்டுக்கிளியும் உண்டு. வஸ்திரத்தை அரிக்கும் பொட்டுப்பூச்சியும் உண்டு. வண்ணத்துப்பூச்சியின் பெயர் மட்டும் எங்கும் இல்லை. ஆயினும் ஈஸ்டர் வாழ்த்து அட்டைகளிலும் ஞாயிறு பள்ளிச் சுவர்களிலும் நாம் விரும்பி வரைந்து வைக்கும் பூச்சி அதுவே. புழு கூட்டுக்குள் போகிறது, சிறகோடு வெளியே வருகிறது என்று பிரசங்கத்தில் அதன் கதையை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். அந்த ஒரு மூச்சுக்குள் எத்தனை நாள்கள் அடங்கியிருக்கின்றன, எத்தனை ஆபத்துகள் அடங்கியிருக்கின்றன என்பதை இந்த வாரம் சற்று நின்று தியானிப்போம்.

சாத்தாங்காட்டில் வண்ணத்துப்பூச்சிகளைப் படம் எடுக்கிறேன் என்றால் வெளியூர் நண்பர்கள் நகைக்கிறார்கள். இரும்புச் சந்தைக்கு வரும் லாரிகளின் வரிசையும், மணலி ஆலைகளின் புகைபோக்கிகளும், பக்கிங்காம் கால்வாயின் கரிய நீருமே எங்கள் பகுதியின் அடையாளங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரம் வரை பரவி, அலையாத்திச் செடிகளைக் கறுக்கச் செய்ததை நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்திலும் சிருஷ்டிகர் தம்முடைய வேலையை நிறுத்திவிடவில்லை.

திங்கட்கிழமை எனக்கு ஓய்வு நாள். அன்று காலை 7 மணிக்கு ஆலய வளாகத்தின் மேற்குச் சுவரோரம் கைப்பேசியோடு நிற்பது மூன்று ஆண்டுகளாக என் வழக்கம். அங்கே எருக்கும் ஆமணக்கும் தாமாகவே முளைத்திருக்கின்றன. சுவரின்மேல் சிறுபூனைக்காலிக் கொடி படர்ந்திருக்கிறது. ஆயர் இல்லத்தின் பின்புறம் ஒரு கறிவேப்பிலை மரம் உண்டு. இவற்றைத் தவிர அங்கே தோட்டம் என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை.

அந்த எருக்கைத் தேடி வருவது வெந்தய வரியன். செம்மஞ்சள் சிறகும், கறுப்பு ஓரமும், அதில் வெள்ளைப் புள்ளிகளும் உடையது. 1758-ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் இதற்கு அறிவியல் பெயர் இட்டுவிட்டார். பெண் பூச்சி எருக்கிலையின் மேல் வந்து அமர்ந்து, கால்களால் இலையைத் தொட்டுச் சோதித்து, வயிற்றை வளைத்து அடிப்புறத்தில் ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் பறந்து போகிறது. குண்டூசித் தலையினும் சிறிய வெண்ணிற முட்டை அது. மூன்று நான்கு நாள்களில் புழு வெளிவந்து, முதல் ஆகாரமாகத் தன் முட்டை ஓட்டையே தின்கிறது. பிறகு ஏறத்தாழ இரண்டு வாரம் தின்பதே அதன் தொழில். வளர வளரத் தோல் இறுகுகிறது. நான்கு முறை பழைய தோலைக் கழற்றுகிறது. ஒவ்வொரு முறையும் அதற்கு முன்பு உண்பதை நிறுத்தி அசையாமல் கிடக்கிறது. அந்நேரத்தில் பார்ப்பவர் அது செத்துவிட்டது என்றே எண்ணுவர்.

எருக்கின் பால் நஞ்சு என்பதைச் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். ஆடும் மாடும் ஒதுக்கிவிடும் அந்த இலையையே இந்தப் புழு உண்டு வளர்கிறது. அந்த நஞ்சில் ஒரு பங்கைத் தன் உடலில் சேர்த்தும் வைக்கிறது. அதனால் பறவைகள் புழுவையும் தொடுவதில்லை, பின்னர் பூச்சியையும் தொடுவதில்லை. நாம் களை என்று சொல்லும் செடி அதற்கு உணவும் அரணுமாக இருக்கிறது.

பிறகு ஒரு நாள் அது தலைகீழாகத் தொங்கி, கடைசித் தோலையும் உரித்துக் கூட்டுப்புழுவாகிறது. ஏறத்தாழ பத்து நாள்கள் வெளியில் ஒன்றும் நடவாததுபோலத் தோன்றும். உள்ளேயோ பழைய உடலின் பெரும்பகுதி கரைந்து புதிய உடல் உருவாகிக்கொண்டிருக்கிறது. என் மனதைத் தொட்ட செய்தி இதுதான்: சிறகின் மூலம் கூட்டுக்குள் புதிதாக வந்து சேர்வதில்லை. இலையை அரித்துக்கொண்டு ஊரும் புழுவின் உடலுக்குள்ளேயே அது சிறு மொட்டாக முன்னமே இருக்கிறது. நம் கண்ணுக்குத் தெரிவது புழு. சிருஷ்டிகர் அதற்குள் வைத்திருப்பது சிறகு.

எல்லா முட்டையும் சிறகாவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கறிவேப்பிலை மரத்தில் எலுமிச்சை அழகியின் புழு ஒன்றைத் தொடர்ந்து படம் எடுத்து வந்தேன். இளம் பருவத்தில் பறவையின் எச்சம்போலத் தோற்றமளித்துத் தப்பியது; வளர்ந்தபின் இலையின் பச்சைக்குள் மறைந்து தப்பியது. பட்டு நூலால் தன்னைக் குச்சியோடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவும் ஆயிற்று. இரண்டாம் வாரத்தில் அந்தக் கூட்டில் ஒரு சிறு துளை விழுந்தது; வெளியே வந்தவை ஒட்டுண்ணிக் குளவிகள். மறுரூபமாகுதல் என்பது உத்தரவாதமான பாதை அன்று. அதனால்தான் அதற்குப் பாதுகாப்பான இலை தேவைப்படுகிறது.

இதைத் தெளிவாகக் கண்ட ஒரு பெண்மணியை நினைவுகூர்கிறேன். 1647-இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்த மரியா சிபில்லா மெரியன், சிறு வயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்து உற்று நோக்கியவர். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தாமாகத் தோன்றுகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. 1679-இல் புழுக்களின் உருமாற்றத்தைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். முட்டை, புழு, கூடு, சிறகுள்ள பூச்சி ஆகிய எல்லாவற்றையும் அந்தப் புழு உண்ணும் செடியோடு சேர்த்து ஒரே படத்தில் வரைந்தார். சில ஆண்டுகள் அவர் ஒரு பக்திச் சமூகத்தோடு வாழ்ந்தவர். 1699-இல், தம் 52-ஆம் வயதில், இளைய மகளோடு கடல் கடந்து சூரிநாம் சென்று, அங்குள்ள பூச்சிகளையும் அவ்வாறே வரைந்தார். செடியை விட்டுவிட்டுப் பூச்சியை மாத்திரம் வரைந்தால் பாதி உண்மையே வரையப்படுகிறது என்பதை அவருடைய ஓவியங்கள் நமக்குக் கற்பிக்கின்றன.

இப்போது தியானப் பகுதிக்கு வருவோம். மறுரூபமாகுதலைக் குறித்துப் பவுல் கையாளும் கிரேக்க வினைச்சொல்லிலிருந்தே உருமாற்றத்தைக் குறிக்கும் அறிவியல் சொல்லும் வந்தது. அந்த வினையின் வடிவத்தில் மூன்று காரியங்களைக் கவனியுங்கள். அது நிகழ்காலத்தில் இருக்கிறது: ஒரே நாளில் முடிந்துபோகிற செயலன்று, தொடர்ந்து நடப்பது. அது செயப்பாட்டு வினை: மாற்றுகிறவர் தேவன். மூன்றாவதை நாம் எளிதில் கடந்துபோகிறோம்: அது பன்மையில் இருக்கிறது. தனித்த ஒரு மனிதனுக்கு அன்று, சபைக்கு எழுதப்பட்ட கட்டளை அது. ஒருவர் மாறுவதற்குச் சபை இலையாக இருக்க வேண்டும்.

நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரத்தை எல்லாரும் விரும்புகிறோம். குடியை விட்டவர் ஒலிபெருக்கியின் முன் நிற்கும்போது கைதட்டி மகிழ்கிறோம். அவர் விட முயன்று, தோற்று, மறுபடியும் முயன்ற ஆண்டுகளில் எங்கே உட்கார்ந்திருந்தார்? இரும்புக் கிடங்கில் சுமை ஏற்றும் ஒரு சகோதரர் சில மாதங்களாக நம் ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். ஒரு ஞாயிறு அவர்மேல் மதுவின் வாசனை வீசியது. முற்றிலும் விட்டுவிட்டு வாருங்கள் என்று யாரோ அவரிடம் சொல்லிவிட்டார்கள். ஐந்து வாரங்களாக அவர் வரவில்லை. திங்கட்கிழமைகளில் படம் எடுத்து முடித்தபின், கிடங்கின் எதிரிலுள்ள தேநீர்க்கடையில் அவரைச் சந்திக்கிறேன். வருகிறேன் ஐயா என்கிறார். இன்னும் வரவில்லை. சொன்னவரைக் கடிந்துகொள்ள நான் இதை எழுதவில்லை. தோலுரிக்கும் புழு செத்ததுபோலக் கிடக்கும் என்பதை அறியாதவர், அதைப் பெருக்கித் தள்ளிவிடுவது இயல்பே. அறிந்த நாம் அப்படிச் செய்யலாமா என்பதே கேள்வி.

பிரதிஷ்டைப் பண்டிகைக்கு முன்பாக மேற்குச் சுவரோரம் முழுவதையும் துப்புரவாக்கிப் பேவர் பிளாக் கல் பதிக்க வேண்டும் என்ற யோசனை சபைக் கமிட்டிக்கு வந்திருக்கிறது. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. மழையில் அங்கே சேறாகிறது; முதியோர் வழுக்கி விழ அஞ்சுகிறார்கள்; புதரில் பாம்பு இருக்குமோ என்று தாய்மார் கவலைப்படுகிறார்கள். நடைபாதைக்குக் கல் பதிப்போம். புதரையும் ஒழுங்காக வெட்டி வைப்போம். சுவரை ஒட்டி ஆறடி அகலத்தை மாத்திரம் மண்ணாகவே விட்டுவிடுங்கள் என்று கமிட்டியில் கேட்கப் போகிறேன். கமிட்டி எப்படித் தீர்மானித்தாலும் அதற்குக் கீழ்ப்படிவேன்.

பூச்செடிகளை வாங்கித் தொட்டிகளில் வைத்தால் வண்ணத்துப்பூச்சிகள் தேன் குடிக்க வரும், பார்த்து மகிழலாம். ஆனால் அவற்றின் குஞ்சுகளுக்கு எருக்கும் கறிவேப்பிலையும் வேண்டும். கடித்துத் துளையிடப்பட்ட, அழகற்ற இலைகள் வேண்டும். சிறகுகளை வரவேற்பது எளிது. இலையைக் கொடுக்கிறவனுடைய இலையோ கிழிபடும்.

இந்த வாரம் உங்கள் வீட்டுக் கறிவேப்பிலையில் ஒரு புழுவைக் கண்டால், இரண்டு கிளைகளை அதற்கு விட்டுவிடுங்கள். பல வாரங்களாக ஆராதனைக்கு வராத ஒருவரின் கதவையும் தட்டுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்க வேண்டாம். அவரோடு அமர்ந்து ஒரு தேநீர் அருந்திவிட்டு வாருங்கள்.

ஜெபம்: பரலோகப் பிதாவே, எங்களுக்குள் நீர் தொடங்கிய கிரியை முடிவடையும்வரை எங்களைத் தாங்குகிற உமது பொறுமைக்காக ஸ்தோத்திரம். மாறிக்கொண்டிருக்கிறவர்களுக்கு நிழலும் ஆகாரமுமாக எங்கள் சபையை ஆக்கும். கிழிபடும் இலைகளாயிருக்க எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஆமென்.