தண்ணீருக்குப் பயந்த வாட்ச்

2016-இல் அந்த ரோஜாப்பூவை எடுத்துவிட்டார்கள். டியூடர் கம்பெனியின் பிளாக் பே வாட்சைச் சொல்கிறேன். கடலுக்குள் மூழ்கி வேலை செய்பவர்களுக்காக 1950-களில் அவர்கள் செய்த வாட்சுகளின் மேடேறிய கண்ணாடியையும் பெரிய சாவித் திருகையும் எடுத்து, 1969-இல் வந்த சதுர முனை முள்ளையும் சேர்த்து, 2012-இல் வெளியிட்ட வாட்ச் அது. கருஞ்சிவப்பு வளையம். கறுப்பு டயலில் சின்னதாக ஒரு ரோஜாப்பூ. அடியில் இரு முனையும் மேலே வளைந்த ஒரு வரி எழுத்து. அடுத்த வருடமே ஜெனீவாவில், பழமையை மீட்டுக் கொண்டுவந்த வாட்சுக்கான பரிசு அதற்குக் கிடைத்தது.

நான்கு வருடத்தில் மாற்றிவிட்டார்கள். ரோஜா போய்க் கேடயம் வந்தது. வளைந்த எழுத்து நேராயிற்று. வெளியில் வாங்கிப் போட்ட இயந்திரத்துக்குப் பதிலாகச் சொந்த இயந்திரம் வந்தது. முன்பு ஒன்றரை நாள் ஓடியது இப்போது 70 மணி நேரம் ஓடுகிறது. உடம்பு கொஞ்சம் தடித்தது. எல்லாமே முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலைக் கடை ஒன்றில் கேடயத்தோடு அதைப் பார்த்தபோது மனசு ஒட்டவில்லை. பழைய வாட்ச் விற்கிற கடைகளில் பொறுமையாகத் தேடி, ரோஜாப்பூ வைத்ததைத்தான் வாங்கினேன். இப்போது என் கையில் இருப்பது அதுதான். நல்ல வாட்ச். அதைக் கட்டிக்கொண்டுதான் இன்னொரு வாட்சை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் கொல்லிமலையில், வளப்பூர் நாடு. அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டி ஓடும் அய்யாறு கொஞ்ச தூரம் போய் ஆகாய கங்கையாக விழும். கடலை நான் பார்த்தது வேலைக்கு வந்த பிறகுதான். அப்பா கட்டியிருந்தது எச்.எம்.டி ஜனதா. ஒரு வருடம் மிளகு நன்றாகக் காய்த்தது. சில்வர் ஓக் மரங்களில் ஏறிய கொடிகளிலிருந்து பறித்து, பாறையில் காயப்போட்டு, மூட்டையோடு 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கி நாமக்கல் போனவர், திரும்பி வரும்போது கையில் வாட்ச் இருந்தது. வெள்ளை டயல், 17 கல், தினமும் சாவி கொடுத்தால்தான் ஓடும்.

ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961-இல் பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது எச்.எம்.டி. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. பிறகு எத்தனை வருடம் கல்யாண மாப்பிள்ளைக்கும், பத்தாவது பாஸான பையனுக்கும், ஓய்வு பெறுகிற வாத்தியாருக்கும் அதுதான் வாட்ச். உங்கள் வீட்டிலும் ஒரு கையில் ஒன்று இருந்திருக்கும்.

அதற்குத் தண்ணீர் ஆகாது.

ஆற்றில் இறங்குவதற்கு முன்னால் அப்பா வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுப்பார். "கெட்டியாப் புடிச்சுக்கோ கண்ணு. தண்ணி பட்டா நின்னுபோயிரும்." மற்ற பிள்ளைகள் கோயில் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருக்கும். நான் கரையை விட்டு அசையமாட்டேன். அருவிக்குப் போனால் இன்னும் கவனம் வேண்டும். ஆயிரத்துக்கும் மேலான படிகளை இறங்கி, ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரின் சாரல் எட்டாத பாறையாகப் பார்த்து உட்கார்ந்து, வாட்சைச் சட்டைக்குள் விட்டு, மேலே இரண்டு கையையும் பொத்திக்கொண்டு, அப்பா எப்போது வெளியே வருவார், எப்போது வருவார் என்று அந்த வெள்ளைப் புகைக்குள் பார்த்துக்கொண்டே இருப்பேன். வருவார். தலையைத் துவட்டிக்கொண்டே கையை நீட்டுவார். முதலில் காதில் வைத்துக் கேட்பார். பிறகுதான் கட்டுவார்.

அருவி இரைச்சலில் டிக்டிக் என் காதுக்குக் கேட்காது. உள்ளங்கைக்குத் தெரியும். ஜனதாவின் இயந்திரம் மணிக்கு 18,000 முறை தட்டும், அதாவது நொடிக்கு ஐந்து என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். பிளாக் பே மணிக்கு 28,800. நொடிக்கு எட்டு. வேகம் கூடினால் துல்லியம் கூடும் என்கிறார்கள், கூடட்டும். என் கை பழகியது ஐந்துக்கு.

இந்த வாட்ச் 200 மீட்டர் ஆழம் தாங்கும். நீச்சல் குளத்தில் இறங்கும்போது கழற்ற வேண்டியதில்லை. கழற்றாததால் யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. என் மகள் கரையில் வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பாவின் வாட்சை நினைத்தால் ஒவ்வொன்றாகக் கிளம்பி வருகிறது. விடியலில் சாவி கொடுக்கிற சத்தம். பனி மூட்டத்தில் வாசல் பலாமரம்கூடத் தெரியாத நேரம், அடுப்படிப் புகை ஓட்டிடுக்கு வழியாகக் கசிந்துகொண்டிருக்கும், அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அந்தச் சின்னத் திருகைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து, கர்ர், கர்ர் என்று, மிளகு பறித்துக் காய்த்துப்போன விரலுக்கு எங்கிருந்து அத்தனை மென்மை வந்ததோ, மெதுவாகத் திருகுவார். இறுகியதும் நிறுத்துவார். அதற்கு மேல் ஒரு சுற்றுகூடத் திருப்பமாட்டார்.

7.15-க்கு டெல்லியிலிருந்து ஆகாசவாணி. சரோஜ் நாராயணசுவாமி செய்தி வாசிக்கத் தொடங்கியதும் முள்ளைச் சரி செய்துகொள்வார். ஜனதா ஒரு நிமிடம் முன்னால் போயிருக்கும், அல்லது பின்னால். அதில் அவருக்குக் கோபம் வந்ததில்லை. சோளக்காட்டுச் சந்தையில் தெரியாதவர்கள்கூட "மணி என்னங்க?" என்று நின்று கேட்பார்கள். அப்பா கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லுவார். அந்தக் குரலை இப்போது எவ்வளவு முயன்றாலும் முழுதாக வரவழைக்க முடியவில்லை. சொற்கள் வருகின்றன. குரல் வரவில்லை. சரோஜ் நாராயணசுவாமியும் 2022-இல் போய்விட்டார்.

என் போன் நொடி பிசகாமல் மணி காட்டுகிறது. யாரும் யாரையும் கேட்பதில்லை.

ரோஜாப்பூவை எடுத்த அதே 2016-இன் ஜனவரியில்தான் எச்.எம்.டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. காரணங்கள் இருந்தன. ஓசூரில் டாடாவும் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், 1980-களின் பிற்பகுதியிலேயே மெல்லிய பேட்டரி வாட்சுகளைக் கொண்டுவந்துவிட்டது. சாவி கொடுக்கிற வேலை மிச்சம் என்று எல்லோரும் மாறினோம். நஷ்டம் வருடா வருடம் ஏறியது. டியூடரின் சுவிஸ்காரர்கள் தங்கள் பழைய வாட்சை மறுபடி மறுபடி செய்து, திருத்தி, 2018-இல் அளவைக் குறைத்து, பழைய உருவத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது வருவது பொறாமை. ஒரு நாட்டின் சாதாரண மனிதர்களெல்லாம் கட்டிய வாட்சை அப்படி நினைத்துப் பார்க்க நமக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

தோன்றியது வேறு விதமாக. பழைய எச்.எம்.டி இயந்திரங்களை வாங்கி, டயலைச் சுரண்டி, சிவப்பும் பச்சையுமாகப் புதிதாக அச்சடித்து, கம்பெனி என்றுமே செய்யாத மாடல்களாக உலகம் முழுவதும் விற்கிறார்கள். உள்ளே ஓடுவது யாரோ ஓர் அப்பாவின் வாட்ச். அவர் ஆயிரம் தடவை பார்த்து மணி சொன்ன முகம் மட்டும் இல்லை. ரோஜாப்பூவை எடுத்தவர்களையாவது மன்னித்துவிடலாம், அது அவர்கள் வரைந்த பூ. இவர்களை மன்னிக்க என்னால் முடியவில்லை.

அப்பாவின் ஜனதா அக்கா வீட்டில், செம்மேட்டில் இருக்கிறது. டயல் ஓரத்தில் பழுப்பேறி, ஆறாம் எண் பக்கம் மங்கிவிட்டது. போன தடவை ஊருக்குப் போனபோது, டவுனில் ஒருவர் புதுசு மாதிரி மாற்றித் தருகிறேன் என்று சொன்னதாக அக்கா சொன்னாள். வேண்டாம்க்கா என்றேன். அவளும் மனசில்லாமல்தான் கேட்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டு பீரோவில் அப்படி ஒன்று கிடந்தால் எடுத்துப் பாருங்கள். கையால் வாட்ச் பிரிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் சில ஊர்களில் ஒரு மேசையும் கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம் கொடுத்து, பிரித்துக் கழுவி எண்ணெய் மட்டும் விடச் சொல்லுங்கள். டயலைத் தொட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லுங்கள். ஓடத் தொடங்கியதும் தினமும் சாவி கொடுங்கள். தண்ணீரில் இறங்கும்போது கழற்றி, பக்கத்தில் நிற்கிற பிள்ளையிடம் கொடுங்கள்.