கணக்கில் வராத நாட்கள்

‘கேபிடலிசம்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டை ஆவடியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருக்கிறேன் என்பதில் உள்ள வேடிக்கை எனக்கு வெகுநாள் கழித்தே உறைத்தது. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை இங்கேதான் கூடி, சோஷலிஸ பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. விளையாட்டு 1995-ல் வந்தது. ஹாங்காங்கில் ட்ரெவர் சான் என்பவர் உருவாக்கியது. நான் ஆடுவது 2001-ல் வெளியான அதன் இரண்டாம் பதிப்பு. நாற்பது வருஷ இடைவெளியில் இரண்டு கனவுகள். இரண்டிலும் என் அப்பா இல்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

விளையாட்டு எளிதல்ல. ஒவ்வொரு தொழிற்சாலையும் ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒரு சதுரம். கொள்முதல், உற்பத்தி, இருப்பு, விற்பனை, விளம்பரம் என்று கட்டங்களை நிரப்பி, அவற்றைக் கோடுகளால் இணைக்க வேண்டும். எந்தக் கோடு எங்கே போகிறது என்பதில்தான் சாமர்த்தியம். இரும்புத் தாது எஃகாகிறது, எஃகு என்ஜினாகிறது, ரப்பர் டயராகிறது. வாங்குகிறவன் விலை, தரம், பெயர் மூன்றையும் எடைபோட்டு வாங்குகிறான். ரொட்டிக்கு ஒரு எடை, காருக்கு வேறு எடை. ஆராய்ச்சி நிலையம் உண்டு, பங்குச் சந்தை உண்டு. எதிராளியின் பங்குகளை வாங்கிக் குவித்து அவனையே விழுங்கலாம். இரண்டு மாதம் தட்டுத்தடுமாறிய பிறகு ஜெயிக்க ஆரம்பித்தேன். என் கம்பெனிக்கு அப்பாவின் பட்டறைப் பெயரையே வைத்திருந்தேன். பாசத்தால் அல்ல. அவர் தோற்ற இடத்தில் நான் ஜெயிக்கிறேன் என்கிற அற்பமான திருப்திக்காக.

அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் வாடகை ஷெட் ஒன்றில் மூன்று லேத்தும் ஒரு டிரில்லிங் மெஷினும் போட்டு, 1984-லிருந்து 2011 வரை பட்டறை நடத்தினார். புஷ், பின், ஸ்பேசர் என்று கடைசல் வேலை. காலையில் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நடப்பார். ராத்திரி கட்டிங் ஆயில் வாசனையோடு திரும்புவார். ஆர்டர் இல்லாத மாதங்கள் குறைவு. ஆனாலும் அம்மாவின் வளையல் அடகுக்கடையில்தான் இருந்தது. ‘வேலை தெரிஞ்ச உங்களுக்குக் கணக்குத் தெரியல’ என்று, பி.காம். முடித்த திமிரில், ஒரு முறை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். பதில் சொல்லவில்லை. பட்டறையை மூடி மெஷின்களைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்தபோதும் எதுவும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். கட்டங்களை விளக்கினேன். சீக்கிரமே புரிந்துகொண்டார். கொள்முதலையும் உற்பத்தியையும் ஒரே கோட்டில் தொங்கவிடாதே, நடுவில் கொஞ்சம் இருப்பு வை என்றுகூடச் சொன்னார். அது சரியான யோசனை. பிறகு விற்பனைக் கட்டத்தின் மேல் விரலை வைத்து, “வித்த காசு எப்பொடா வரும்?” என்றார்.

“வித்த உடனே வந்துடும்பா.”

“அப்ப இது கடைடா. பட்டறை இல்ல.”

சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அவருடைய பழைய நோட்டுகளை அதன் பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். சலான் தேதி, பில் தேதி, செக் தேதி என்று மூன்று பத்திகள். முதல் இரண்டுக்கும் இடையே ஒருநாள், இரண்டுநாள். மூன்றாவது, 90 நாள் தள்ளி, 120 நாள் தள்ளி, ஓரிடத்தில் 163 நாள். கணக்குத் தெரியாதவர் எழுதிய நோட்டு அல்ல அது. சரக்கை வாங்கிக்கொண்டவர்கள் வட்டியில்லாமல் அவர் பணத்தில் தொழில் நடத்தியிருக்கிறார்கள். அவர் வட்டிக்கு வாங்கிச் சம்பளம் கொடுத்திருக்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. சிறுதொழில்களுக்கான தாமதப் பணத்துக்கு வட்டி உண்டு என்று 1993-லேயே ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் வந்த 2006-ஆம் வருஷச் சட்டம், 45 நாளுக்கு மேல் தவணை பேசக்கூடாது, தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி என்றது. 2023-ல் வருமான வரிச் சட்டத்திலும் கை வைத்தார்கள்: குறு, சிறு தொழில்களுக்குக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, கொடுக்கும்வரை செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டம் வந்ததே வியாதியின் நாள்பட்ட தன்மைக்குச் சாட்சி. அப்பா புகார் கொடுத்ததில்லை. மூன்று மடங்கு வட்டி கேட்டு ஜெயிக்கிறவனுக்கு அடுத்த ஆர்டர் வராது என்பது எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

முதலாளித்துவத்தின் குரூரத்தை விளையாட்டாக்கிவிட்டார்கள் என்று இதைக் குறைசொல்வது சுலபம். என் புகார் நேர்எதிரானது. இந்த விளையாட்டில் போதுமான குரூரம் இல்லை. இங்கே எல்லோரும் யோக்கியர்கள். நான் வேறொரு கம்பெனியிடம் சரக்கு வாங்கினால், என்னைக் கேட்காமலேயே என் பணம் அவனுக்குப் போய்விடுகிறது. இழுத்தடிக்க நான் விரும்பினாலும் வழியில்லை. சா. கந்தசாமியின் ‘சாயாவனம்’ கரும்பாலைக்காக ஒரு வனத்தை அழிக்கும் கதை. அழிப்பதற்கு ஆகும் காலம் முழுவதையும் நாவல் நம்மைக் கூடவே இருந்து அனுபவிக்க வைக்கிறது. அந்த விளையாட்டில் காலண்டர் ஓடுகிறது, காலம் இல்லை. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பெஞ்சில் காத்திருக்கும் மனிதனை எடுத்துவிட்டால், சந்தை என்பது அழகான ஒரு கணிதமாகிவிடுகிறது. ஆவடித் தீர்மானத்திலும் அந்த பெஞ்சு இல்லை.

பிறகு ஒரு காரியம் செய்தேன். புது ஆட்டம் தொடங்கி, பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். விற்று வந்த பணத்தை மூன்று மாதம் தொடுவதில்லை என்று நிபந்தனை. நோட்டுக் கணக்கில் கையிருப்பு தீர்ந்தால், கொள்முதலிலிருந்து உற்பத்திக்குப் போகும் கோட்டை நானே துண்டித்துவிடுவேன். முதல் சில மாதங்கள் திரை லாபம் காட்டியது, நோட்டு கடன் காட்டியது. இரண்டாவது வருஷம் தொழிற்சாலை பாதிநாள் சும்மா நின்றது. அதே விலை, அதே தரம், அதே நான். மூன்றாவது வருஷத்தைத் தாண்ட முடியவில்லை.

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல நினைத்திருந்தேன், வரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். சம்பளம் என்ற வரியில் நிறுத்தி, பேனா கேட்டார்.

“மாசக் கடைசின்னு போட்டிருக்க. நம்ம பசங்களுக்குச் சனிக்கிழமை சனிக்கிழமை குடுக்கணும். அதுவரைக்கும் யாரு காத்துட்டு இருப்பா?”

ஒவ்வொரு மாதத்தையும் நான்காகப் பிரித்துத் திருத்திக்கொண்டு போனார். அந்தக் கணக்கில் மூன்றாவது வருஷம்வரைகூடப் போக முடியாது.