கூழ்ப் பானையும் உன் கேப்ஸ்யூலும்

என் ராசாத்திக்கு,

உன் கடுதாசி வந்து சேர்ந்தது. பல் புடுங்கினதுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கை முழுங்கப் போய், பல்வலி போன கையோட வயிறு கெட்டதுன்னும், இப்ப அதுக்கு 'நல்ல பாக்டீரியா' கேப்ஸ்யூல்னு ஒண்ணு எழுதிக் கொடுத்திருக்காங்கன்னும், காசு குடுத்துக் கிருமியை வாங்கித் தின்ற காலம் வந்துடுச்சேடின்னும் எழுதியிருந்தியே, அதைப் படிச்சுட்டு நான் தனியா சிரிச்சுக்கிட்டிருந்தேன். எங்க வீட்டுக்காரர் யார்கிட்டேருந்துன்னுகூடக் கேக்கலை. என் சிரிப்பை வெச்சே அவருக்குத் தெரிஞ்சுபோச்சு, "தமிழம்மாவா?"ன்னுட்டுப் பேப்பருக்குள்ள போயிட்டார்.

இங்க பௌர்ணமி முடிஞ்சு தெருவெல்லாம் பிளாஸ்டிக் டம்ளர். கிரிவலம் சுத்தறது 14 கிலோமீட்டர். ராஜகோபுரத்துலேருந்து கிளம்பறவங்க மலைக்குப் பின்பக்கம் இருக்கற எங்க அடி அண்ணாமலைக்கு வந்து சேரும்போது பாதிக்கு மேல நடந்து முடிச்சு, கால் தளர்ந்து, நாக்கு வறண்டு போயிருக்கும். புண்ணியவான்கள் நீர்மோர் குடுக்கறாங்க, சுண்டல் குடுக்கறாங்க, எல்லாம் சரி, டம்ளரை மட்டும் எங்க வீட்டு வாசல்லயே போடணுமா? சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது. அது கிடக்கட்டும்.

ஆடி மாசம் இல்லையா, எதிர்வீட்டு அக்கா மாரியம்மனுக்குக் கூழ் ஊத்தறாங்க. நீ திருவெம்பாவை பாடின இடம்னு சொல்லி மாஞ்சு மாஞ்சு கும்பிட்டியே, அந்த மாணிக்கவாசகர் கோயிலுக்குப் போற வழியில பார்த்திருப்பே அவங்களை. முந்தின ராத்திரியே கேவுரு மாவைத் தண்ணியில கரைச்சு மூடி வெச்சுடறாங்க. காலையில திறந்தா மேலே தெளிவா தண்ணி நிக்குது, ஓரமா சின்னச் சின்னக் குமிழி, கிட்டப் போனா மூக்குல சுருக்னு ஒரு புளிப்பு. நொய்யைக் குழைய வேகவெச்சு, அந்த மாவை ஊத்தி, துடுப்பால கை ஓயக் கிண்டி இறக்கி வெச்சு, அதை அப்படியே இன்னொரு ராத்திரி கிடக்க விட்டுட்டு, மறுநாள்தான் மோர் விட்டுக் கரைச்சுச் சின்ன வெங்காயம் அரிஞ்சு போட்டு ஊத்தறாங்க. ஏன்க்கா ரெண்டு ராத்திரின்னு கேட்டா, "எங்க மாமியா அப்படித்தான் செஞ்சாங்க"ன்னு முடிச்சுட்டாங்க.

எனக்குள்ள இருக்கற பயாலஜி டீச்சர் சும்மா இருப்பாளா? முதல் ராத்திரி மாவுலயே ஒட்டிக்கிட்டு வந்த லாக்டிக் பாக்டீரியா பெருகிப் புளிக்க வைக்குது. ஆனா அடுப்புல ஏத்தினா அதெல்லாம் செத்துடுமே! இட்லியும் அப்படித்தான். ஸ்டாஃப் ரூம்ல மாவு பொங்கறது உளுந்தாலதான்னு நீ சண்டை போடுவியே, வாயுவை உண்டாக்கறது லியூகோநாஸ்டாக்னு ஒரு பாக்டீரியா, அதைப் புடிச்சு வெச்சுக்கறது உளுந்து, ரெண்டு பேரும் ஜெயிச்சோம்னு வெச்சுக்க. ஆனா ஆவியில வெந்த இட்லியில உயிரோட ஒண்ணும் மிஞ்சாது. கூழுக்கு மட்டும் அந்த ரெண்டாவது ராத்திரி இருக்கு பாரு, அப்பத்தான் புதுசா ஒரு கூட்டம் வந்து குடியேறுது. மோர் அதோட கூட்டத்தையும் கொண்டுவந்து சேர்க்குது.

இப்ப உன் வயித்துக்கு வரேன். உன் உடம்புல சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்குடி, பெரும்பாலும் பெருங்குடல்ல. நம்ம சொந்த செல்லைவிடப் பத்து மடங்குன்னு ரொம்ப காலமாச் சொல்லிட்டிருந்தாங்க. 2016ல உக்காந்து கணக்குப் போட்டவங்க ஏறக்குறைய சரிக்குச் சரின்னு முடிவு கட்டிட்டாங்க. எல்லாத்தையும் சேர்த்தாலும் கால் கிலோ தேறாது. ஆன்டிபயாடிக்குக்கு ஆள் அடையாளம் தெரியாது, களை எடுக்கப் போனவ பயிரையும் சேர்த்துப் புடுங்கின மாதிரி ஆயிடுது, அதான் உன் கஷ்டம்.

அதுங்களுக்கு என்ன சாப்பாடு தெரியுமா? நம்மால செரிக்க முடியாம விட்ட மிச்சம். கீரை நார், வாழைத்தண்டு, வெங்காயத்துல இருக்கற ஒருவகை நார், ஆறிப்போன சோறு. சோறு ஆறும்போது அதோட மாவுல கொஞ்சம் இறுகிப்போய், சிறுகுடலுக்கு மசியாம நேரா கீழே போயிடுது. அங்க பாக்டீரியா அதைப் புளிக்க வெச்சு உண்டாக்கற அமிலத்துலதான் நம்ம பெருங்குடல் சுவரே பசியாறுது. மிச்சம் மீதியில வாழற ஜீவன் நமக்கே சோறு போடுது, பார்த்தியா.

இதை நம்ம வேலூர்க்காரங்களே அழகா நிரூபிச்சிருக்காங்க. சி.எம்.சி. ஆஸ்பத்திரியில டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவரோட சேர்ந்தவங்களும், காலரா வந்து படுத்த 48 பேரை மூணு குழுவாப் பிரிச்சாங்க. ஒரு குழுவுக்கு வழக்கமான உப்பு சர்க்கரைக் கரைசல், ஒண்ணுக்கு அரிசி மாவு சேர்த்தது, இன்னொண்ணுக்கு லிட்டருக்கு 50 கிராம் கணக்குல நம்ம குடலுக்கு மசியாத மக்காச்சோள மாவு சேர்த்தது. மசியாத மாவு குடிச்சவங்களுக்குத்தான் பேதி சீக்கிரம் நின்னுது. ஏன்னா அந்த மாவு கீழே போய்ப் புளிச்சு, அதுல வந்த அமிலம் பெருங்குடலை உப்பை உறிஞ்ச வெச்சுது, உப்பு போனா தண்ணி பின்னாலயே போகும். 2000ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல வந்தது. ரெண்டு மணி நேர பஸ் தூரத்துல நடந்த சங்கதி, நம்ம பாடப்புத்தகத்துல ஒரு வரி இல்லையேன்னு எனக்கு இன்னிக்கும் ஆத்தாமைதான்.

பழைய சோத்தைப் பத்திச் சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலயும் குடல் டாக்டருங்க ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. இதுக்கு நடுவுல வாட்ஸ்அப்புல ஆரம்பிச்சுட்டாங்க, பழைய சோறு சாப்பிட்டா சர்க்கரை ஓடிடும், ஊறின சோத்துல இரும்புச் சத்து இருபது மடங்கு ஆயிடும்னு. அரிசியில இல்லாத இரும்பு பானையில எங்கேருந்துடி வரும்? இருக்கறதைப் புளிப்பு கட்டவிழ்த்து உடம்பு எடுத்துக்கற மாதிரி பண்ணித் தரும், அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம், அது போதாதா இவங்களுக்கு?

ஆசிரமம் பக்கம் வெள்ளைக்காரங்க வர்ற காபிக்கடையில கொம்புச்சான்னு ஒண்ணு விக்கறாங்க, புளிச்ச டீத்தண்ணிதான், விலையைக் கேட்டா மயக்கம் வருது. குறை சொல்லலை, 2021ல ஸ்டான்ஃபோர்டுல தயிர், கிம்ச்சி, கொம்புச்சா மாதிரிப் புளிச்சதைப் பத்து வாரம் நிறையத் தின்னவங்க குடல்ல பாக்டீரியா வகை கூடிச்சு, உடம்புல அழற்சி குறைஞ்சுதுன்னு கண்டாங்க. ஆனா அக்காவோட கூழைக் குடிச்சுட்டு அந்தப் பக்கமா நடந்து போறவளுக்கு அந்தக் கடையில என்ன வேலை?

கேப்ஸ்யூலை என் பேச்சைக் கேட்டு நிறுத்திடாதே, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் போடு. அந்தப் பாக்டீரியா பெரும்பாலும் தங்காது, வந்த வழியா போயிடும், அதனால போனதுக்கப்புறம் சாப்பாட்டுலதான் கவனம். ஒண்ணு சொல்றேன், பழையதுக்குன்னு வடிச்ச சோத்தைச் சுடச்சுட மூடிப் போட்டு நாள் பூரா அடுப்படியில விட்டுட்டு, ராத்திரி ஞாபகம் வந்து தண்ணி ஊத்தாதே. அதுல வாந்தி வரவழைக்கற பாக்டீரியா வேற ஜாதி, அது உண்டாக்கற விஷம் மறுபடி சுட வெச்சாலும் போகாது. சூடு ஆறினதும் தண்ணி ஊத்திடு, காலையில சாப்பிட்டுடு. மோர் மிளகாயைக் குறைச்சுக்க, உனக்கு பி.பி. இருக்கு.

ஆடி கழிஞ்சதும் கிளம்பி வா. பௌர்ணமி பார்த்து வந்து தொலைக்காதே, அன்னிக்கு பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலயே நிறுத்திடறாங்க, உன் முட்டிக்கு அந்த நடை ஆகாது. உன் மருமக போடற நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டு வா, இவர் ரெண்டு தடவை கேட்டுட்டார்.

உன்
அடி அண்ணாமலைக்காரி