கும்மிடிப்பூண்டிக்கு ஒரு நியாயம், பள்ளிப்பட்டுக்கு ஒரு நியாயம்

நான் தரைக்கு எபாக்ஸி பூசிக் கொடுக்கும் ஒப்பந்தக்காரன். பள்ளிப்பட்டில் ஒரு கார் மெக்கானிக்கின் ஷெட் தரையைக் கெடுத்தவன் நான்தான். தெரியாமல் கெடுக்கவில்லை. செய்ய வேண்டியது என்ன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த காலம் அது. பள்ளிப்பட்டில் என்னைக் கேட்க ஆள் இல்லை, அதனால் செய்யவில்லை. தரை உரிந்தபோது பழியை அந்த மெக்கானிக் மீதும் அவரிடம் வேலை கற்க வந்த பையன் மீதும் போட்டேன். முதல் குற்றத்தைவிட இரண்டாவதே என்னை அதிகம் அரிக்கிறது.

தொழிற்சாலைகளில் நாங்கள் எப்படி வேலை செய்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அப்போதுதான் என் தவறின் அளவு புரியும். அங்கே பெயின்ட் டின்னைத் திறப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். முதலில் ஈரச் சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஓர் இரவு முழுக்க விட்டுவிடுவோம். மறுநாள் தூக்கிப் பார்க்கும்போது தாளின் அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் கான்கிரீட் கறுத்திருந்தாலோ வேலை நிற்கும். பிறகு வைரப் பற்கள் வைத்த மிஷினால் கிரைண்டிங். கான்கிரீட் போட்டு மட்டம் தேய்க்கும்போது சிமெண்ட் பால் மேலே வந்து மெல்லிய தோலாக இறுகியிருக்கும். பார்வைக்கு வழவழவென்று அழகாக இருக்கும், ஆனால் அதற்கு வலு கிடையாது. அதை எடுத்துவிட்டுத்தான் பிரைமர். பூச்சு இறுகியபின் ஒரு சிறு உலோக வில்லையைத் தரையில் ஒட்டி, கருவியால் இழுத்துப் பார்ப்பார்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும் என்பது பல இடங்களில் வைக்கும் அளவுகோல். எபாக்ஸித் தரை போடுவதற்கென்றே ஐ.எஸ். 4631 என்ற இந்தியத் தர விதி வெகுகாலமாகவே புத்தகமாக இருக்கிறது. தர ஆய்வு இன்ஜினீயர் கையெழுத்துப் போடாமல் பில் நகராது.

ஈரச் சோதனையை முதலில் வைப்பது காரணத்தோடுதான். கான்கிரீட் 28 நாளில் வலுவாகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் வலு ஏறுவது வேறு, உலர்வது வேறு. ஓர் அங்குலக் கனம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் என்பது தொழிலில் உள்ள கைக்கணக்கு. நான்கு அங்குலத் தரைக்கு நான்கு மாதம் ஆகும், அதுவும் கீழே மண்ணிலிருந்து ஓதம் ஏறாமல் இருந்தால். வெறும் சிமெண்ட் தரையில் இந்த ஈரம் நம் கண்ணில் படாமல் ஆவியாகிப் போய்விடும். எபாக்ஸி அந்த வழியை அடைக்கிறது. காரத்தைக் கரைத்துக்கொண்டு மேலே வரும் நீர், பூச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டு நாளடைவில் ஒட்டைப் பிரிக்கிறது.

இனி பள்ளிப்பட்டு. ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். திருத்தணி வட்டாரம் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது நம் பக்கம் வந்தது. வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசுகிற குடும்பங்கள் நிறைய. பக்கத்தில் கொசஸ்தலை ஆறு. 2021 நவம்பரில் ஆந்திரப் பகுதியில் உள்ள கிருஷ்ணாபுரம் அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டபோது இந்த வட்டாரத்தின் தரைப்பாலங்கள் மூழ்கிப் போக்குவரத்து நின்றது. மழைக்காலம் முடிந்து வெகுநாள் கழித்தும் இங்கே பள்ளமான மனைகளில் மண் ஈரம் காயாது.

அப்படியொரு மனையில்தான் அந்த மெக்கானிக்கின் ஷெட். மழைத் தண்ணீர் உள்ளே வருகிறது என்று அவர் கிராவல் அடித்துத் தரையை உயர்த்தி, புதிதாகக் கான்கிரீட் போட்டிருந்தார். தையில் திறப்பு வைத்துக்கொள்ள ஆசை. கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு கம்பெனிக்கு வண்டி விடப் போனபோது கண்ணாடி மாதிரி பளபளக்கும் தரையைப் பார்த்து, தன் ஷெட்டும் அப்படி இருக்க வேண்டும் என்று என்னைத் தேடி வந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "எத்தினி வருசம் தாங்கும் தம்பி?"

"பத்து வருசத்துக்குக் கவலையே இல்ல அண்ணே" என்றேன். தரையை நான் அப்போது பார்த்திருக்கவே இல்லை.

பார்த்தபோது தயங்கியிருக்க வேண்டும். கார்த்திகை மாதம். கான்கிரீட் போட்டு 28 நாள்கூட ஆகவில்லை. கான்கிரீட்டுக்குக் கீழே பாலிதீன் விரித்தீர்களா என்று மேஸ்திரியைக் கேட்டேன். இல்லை என்றார். மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே 250 மைக்ரான் தாள் ஒன்று இருந்திருந்தால் ஓதத்தில் பெரும்பகுதி அங்கேயே நின்றிருக்கும். ஷட்டர் ஓரத்தில் தரை மங்கலாகக் கறுத்திருந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு தரை தன் நிலையைச் சொல்ல முடியாது. என் வண்டியில் பாலிதீன் சுருள் இருந்தது, டேப் இருந்தது. நான் எடுக்கவில்லை. எடுத்தால் தாளின் அடியில் தண்ணீர் நிற்கும், வேலையைச் சித்திரைக்குத் தள்ளிப்போடச் சொல்ல நேரும், முன்பணம் கைவிட்டுப் போகும். விடை தெரிந்ததால்தான் சோதனையைத் தவிர்த்தேன்.

கிரைண்டிங் மிஷின் அப்போது வேறொரு தொழிற்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கொண்டுவர வண்டி வாடகை, ஆள் கூலி என்று கணக்குப் போட்டு, அதற்குப் பதில் ஆசிட் வாஷ் கொடுத்தேன். ஆசிட் சிமெண்ட் பாலைக் கொஞ்சம் அரிக்கும். ஆனால் அதைக் கழுவி எடுக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏற்கெனவே ஈரமாய் இருந்த தரைக்கு நானே இன்னும் ஈரம் ஏற்றினேன். பிறகு பிரைமர், அதன்மேல் சாம்பல் நிற எபாக்ஸி. விடியற்காலைப் பனி விலகுமுன்பே ரோலர் உருட்டத் தொடங்கினோம். தரையின் வெப்பம் பனி கோக்கும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட் கம்பெனிகள் அச்சடித்துத் தரும் விதி. அதையும் பார்க்கவில்லை.

வேலை முடிந்தபோது தரை அழகாகத்தான் இருந்தது. எபாக்ஸியில் அதுதான் ஆபத்து. நல்ல தரையும் கெட்ட தரையும் முதல் மாதத்தில் ஒரே மாதிரி பளபளக்கும். தையில் பூசணிக்காய் சுற்றி உடைத்துத் திறப்பு நடத்தினார்கள். எனக்கு வெற்றிலைத் தட்டில் மீதிப் பணம் வைத்துக் கொடுத்தார்.

மாசி முடிந்து வெயில் ஏறியதும் போன் வந்தது. போய்ப் பார்த்தால் ஷட்டர் ஓரத்தில் கொப்புளங்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் டயர் அச்சளவுக்குப் பூச்சு பெயர்ந்து ரப்பரோடு போயிருந்தது. நெடுந்தூரம் ஓடிவந்த டயர் சூடாக இருக்கும். சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகள் பலவும் 50, 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். ஒட்டு உறுதியாக இருந்தால் அதையும் ஓரளவு தாங்கும், இல்லாவிட்டால் டயர் ஆறிச் சுருங்கும்போது பூச்சைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். ஒரு சில்லைப் பெயர்த்துத் திருப்பிப் பார்த்தேன். எங்கள் தொழிலில் சில்லின் பின்பக்கம்தான் சாட்சி. அதில் சாம்பல் நிறச் சிமெண்ட் மாவு ஒட்டியிருந்தது. நான் கிரைண்ட் செய்து எடுக்காமல் விட்ட அந்தத் தோல்தான் அது. பெயர்த்த இடம் தொட்டால் ஈரமாக இருந்தது. குற்றம் யாருடையது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

சில்லைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிமிர்ந்து இப்படிச் சொன்னேன். "அண்ணே, பிரேக் ஆயில் சிந்தினா எந்தப் பூச்சும் தாங்காது. பசங்க ஜாக்கியைத் தரையோட இழுக்குறாங்க, அதான் கெளம்பிடுச்சு."

பிரேக் ஆயில் எபாக்ஸியை இளக்கும் என்பது உண்மை. அந்த உண்மையைத்தான் என் பொய்க்கு முட்டுக் கொடுத்தேன். கொப்புளம் எழுந்த ஷட்டர் ஓரத்தில் யாரும் பிரேக் வேலை பார்க்கவில்லை. அவர் என்னை நம்பினார். உள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டு, என் முன்னாலேயே திட்டினார். அவனுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். "நான் இழுக்கல அண்ணா" என்று ஒரே ஒரு முறை சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றான். நான் வாயைத் திறக்கவில்லை. பள்ளிப்பட்டில் நான் செய்தவற்றிலேயே மிகக் கீழானது அந்த மௌனம்.

சில வாரங்கள் கழித்து ஒரு தொழிற்சாலையில் பாலிதீன் சோதனை வைத்திருந்தோம். தாளைத் தூக்கியபோது அடியில் ஈரம். இன்ஜினீயர் தலையை ஆட்டினார். நான் மறுபேச்சுப் பேசாமல் ஆட்களை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். கூலி நஷ்டம், வண்டி வாடகை நஷ்டம், வருத்தம்கூட வரவில்லை. அதுதானே முறை என்று தோன்றியது. அந்த வேளையில்தான் எனக்கு உறைத்தது. இதே ஈரத்தை நான் பள்ளிப்பட்டில் பார்த்தேன், பூசினேன், பணம் வாங்கினேன். இத்தனை காலம் என் நேர்மை என்று நான் நினைத்திருந்தது என்னுடையதே இல்லை. அது அந்த இன்ஜினீயரின் கையெழுத்தில் இருந்தது. கையெழுத்துப் போட ஆள் இருந்த இடத்தில் நல்லவனாக இருந்தேன். தன் சேமிப்பை எடுத்து வந்து, என் வார்த்தையை மட்டும் நம்பிய மனிதரிடம் அப்படி இருக்கவில்லை.

பள்ளிப்பட்டுக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். பையனையும் கூப்பிட்டு, "உன்மேல தப்பில்ல தம்பி, பொய் சொன்னது நான்தான்" என்று அவர் முன்னால் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது இதுதான்: "அப்பவே சொல்லியிருந்தா நான் வெறும் சிமெண்ட் தரையிலேயே வேலை பார்த்திருப்பேனே." என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பூச்சு முழுவதையும் என் செலவில் கிரைண்ட் செய்து எடுத்தேன். அதன்பிறகு, முதலிலேயே அவர் முன் வைத்திருக்க வேண்டிய வழிகளை வைத்தேன். ஈரம் அடங்காத தரைக்கு எளிய வழி, பூச்சே இல்லாமல் சிலிகேட் திரவத்தை ஊறவிடுவது. அது கான்கிரீட்டில் உள்ள சுண்ணாம்போடு சேர்ந்து தரையை இறுக்கும். மேலே படலம் இல்லாததால் உரிய ஒன்றுமில்லை. தூசி எழாது. ஆனால் எண்ணெய் சிந்தி உடனே துடைக்காவிட்டால் கறை நிற்கும். பளபளப்பு வேண்டுமென்றால் வெயில் காலம்வரை காத்திருந்து, சோதனையில் தரை தேறியபின் எபாக்ஸி போட்டு, அதன்மேல் வெயிலுக்கும் உராய்வுக்கும் ஈடுகொடுக்கப் பாலியூரித்தேன் கோட் அடிக்கலாம். எபாக்ஸி மட்டும் போட்டால் வெயில் படும் இடத்தில் மஞ்சளாகும். பாலியஸ்பார்ட்டிக் என்ற பூச்சு சில மணி நேரத்தில் இறுகிவிடும், நிறமும் எளிதில் மாறாது, ஆனால் அடித்தரை சரியில்லாவிட்டால் அதுவும் உரியும். ஈரத்தையும் சூட்டையும் மற்றவற்றைவிட நன்றாகத் தாங்குவது 4 முதல் 6 மில்லிமீட்டர் கனத்தில் போடும் பாலியூரித்தேன் சிமெண்ட். அதன் விலை சிறு ஷெட்டுக்குப் பெரும் சுமை. அவர் சிலிகேட்டைத் தேர்ந்தெடுத்தார். நியாயமான தேர்வு.

ஷெட்டுக்கோ வீட்டுக் கார் நிறுத்தத்துக்கோ தரைப்பூச்சு போட நினைப்பவர்களுக்கு, இந்தத் தொழிலில் இருப்பவனாகச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி பெயின்ட் என்று விசாரிப்பதற்கு முன், பாலிதீன் சோதனையை உங்கள் கண்ணெதிரே வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் தாளை நீங்களே தூக்கிப் பாருங்கள். கிரைண்டிங் செய்யாமல் ஆசிட் மட்டும் போதும் என்பவரைத் திருப்பி அனுப்புங்கள். கனத்தையும் கணக்குப் பாருங்கள். கரைப்பான் கலக்காத எபாக்ஸி ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் பரப்பினால் ஒரு மில்லிமீட்டர் கனம் நிற்கும். 600 சதுர அடிக்கு 300 மைக்ரான் என்று பேசியிருந்தால் ஏறக்குறைய 17 லிட்டர் ஆக வேண்டும். காலி டின்களை எண்ணிப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. புதுக் கான்கிரீட் போடுவதாக இருந்தால், முதல் நாளே மேஸ்திரியிடம் பாலிதீன் விரிக்கச் சொல்லுங்கள். கார்த்திகை மழையில் அவசரப்படுத்தாதீர்கள்.

என்னைப் போன்ற ஒப்பந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கேள்வி கேட்கத் தெரிந்த பெரிய கம்பெனிக்கு நாம் தரும் வேலையை, கேட்கத் தெரியாத சிறு ஷெட்டுக்கும் தர வேண்டும். முடியாதென்றால் அந்த வேலையை எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன், பணமும் வாங்கினேன், ஒரு பையனைத் திட்டு வாங்க வைத்தேன். இந்தக் குற்றத்துக்கு மழையும் காரணமில்லை, மண்ணும் காரணமில்லை, மெக்கானிக்கும் காரணமில்லை. நான்தான் காரணம்.