கொறங்காட்டு வெயிலில் போன்சாய்

போன்சாய் என்பது, ஓங்கி வளரக்கூடிய ஒரு மரத்தை ஆழமற்ற தட்டத்தில் நட்டு, வேரையும் கிளையையும் முறையாக வெட்டி, முதிர்ந்த மரத்தின் தோற்றத்தைக் குறுகிய உயரத்திலேயே பல ஆண்டுகளில் வரவழைக்கும் கலையாகும். அதன் மூலம் சீனத்தின் பென்ஜிங் மரபில் இருக்கிறது, கி.பி. 706இல் அமைந்த இளவரசர் சாங்ஹுவாயின் கல்லறைச் சுவரோவியத்தில், சிறு செடிகள் வைத்த தட்டத்தை ஏந்தி நிற்கும் பணியாளின் உருவம் இன்றும் காணக் கிடைக்கிறது. ஜப்பானில் அது தனிக்கலையாக முதிர்ந்தது. 1923ஆம் ஆண்டு நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவை விட்டு வெளியேறிய வளர்ப்பாளர்கள் 1925இல் ஓமியாவில் ஒரு போன்சாய் கிராமத்தையே உருவாக்கினார்கள். புதிதாகப் பழகுவோர் கைக்கு வரும் நூல்களில் பெரும்பாலானவை இந்த ஜப்பானிய வழியில் வந்தவையாதலால், அவை பைன், ஜூனிபர், மேப்பிள் முதலிய குளிர்நில மரங்களையும், அவற்றின் பனிக்கால உறக்கத்தையும், அடிக்கடி பெய்யும் மழையையும் மனத்தில் வைத்தே பேசுகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மி.மீ. மழை பெறும் டோக்கியோவுக்குப் பொருந்தும் முறையை, 600 மி.மீ. அளவே பெறும் திருப்பூர் மாவட்டத்து வெள்ளகோவிலில் எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவோரின் மரம் பட்டுப்போனால், அதற்குக் கைராசியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. இந்த நிலத்தில் என்ன நிற்கிறது, எப்படி நிற்கிறது என்று பார்ப்பதிலிருந்தே இங்கே பாடம் தொடங்க வேண்டும்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர் வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. கிளுவை முள்ளால் வேலியடைத்த காட்டில் கொழுக்கட்டைப் புல் பரவியிருக்க, இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தர, காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் அங்கே மேய்கின்றன. புல் காய்ந்துபோகும் கோடையில் வெள்வேலங்காயே அவற்றுக்குத் தீவனமாகிறது. இத்தகைய காட்டின் வேலியோரத்தில் வெள்ளாடு திரும்பத் திரும்ப வாய்வைத்த செடி ஒன்றைக் குனிந்து பார்த்தால், அது முழங்கால் உயரத்தைத் தாண்டாமலே அடித்தண்டு பருத்து, கணுக்கள் நெருங்கி, கிளைக்குள் கிளையாகப் பிரிந்து, வயதான மரத்தின் சாயலைப் பெற்றிருப்பது தெரியும். நுனிமொட்டு தனக்குக் கீழுள்ள பக்கமொட்டுகளை விழிக்கவிடாமல் அடக்கி வைக்கும் இயல்பு தாவரங்களுக்கு உண்டு. இதை நுனியாதிக்கம் என்பர். ஆடு நுனியைக் கடித்தவுடன் அந்த அடக்கம் நீங்கிப் பக்கமொட்டுகள் தளிர்க்கின்றன, அவற்றையும் கடித்தால் அடுத்த வரிசை தளிர்க்கிறது. தென்சீனத்தின் குவாங்டாங் பகுதியில் வளர்ந்த லிங்னான் மரபு, கம்பி கட்டி வளைப்பதைக் காட்டிலும் இவ்வாறு வளரவிட்டு வெட்டி, மீண்டும் வளரவிட்டு வெட்டுவதையே தன் முதன்மையான உத்தியாகக் கொண்டுள்ளது. ஆண்டு முழுவதும் வெப்பம் நிலவும் கொங்குநாட்டுக்கு ஜப்பானியக் கம்பியைவிட இந்தத் தென்சீனக் கத்தரியே நெருங்கிய உறவு என்று சொல்வதில் மிகையில்லை.

முதல் மரத்தைத் தேர்வதில் புதியவர்கள் காட்டும் ஆர்வம் பெரும்பாலும் நர்சரியில் பீங்கான் தட்டத்தோடு விற்கப்படும் ஜூனிபரில் போய் நிற்கிறது. மலைவாசத்தலத்தில் பிழைக்கக்கூடிய அம்மரம் சித்திரை வெயிலில் படும் பாடு சொல்லும் தரமன்று. அதற்கு மாறாக, செலவே இல்லாத சிறந்த மூலப்பொருள் வீட்டுச் சுவரிலேயே முளைத்திருக்கிறது. பறவை எச்சத்தின் வழியே மாடிக் கைப்பிடிச் சுவரிலும் கிணற்றுக் கட்டுமானத்திலும் வேரூன்றும் ஆல், அரசு, இச்சிக் கன்றுகள், கட்டடத்தின் நலன் கருதி எப்படியும் பிடுங்கப்பட வேண்டியவையே. காரையிடுக்கின் சொற்ப மண்ணில் பிழைத்துப் பழகிய அவை தட்டத்தின் நெருக்கடியை எளிதில் ஏற்கின்றன. புளியங்கன்றும் நல்ல தொடக்கமே: அதன் கூட்டிலையின் சிற்றிலைகள் இயல்பாகவே சிறியவையாதலால் மரத்தின் அளவுக்கும் இலையின் அளவுக்கும் பொருத்தம் தானாக அமைந்துவிடுகிறது. வெள்ளகோவிலில் முருங்கைக்குச் சந்தையே கூடுகிறது என்பதால் முருங்கையைத் தட்டத்தில் ஏற்றும் ஆசை இவ்வூரில் எழுவது இயற்கைதான். ஆனால் மென்மையான தண்டும், ஈரம் மிகுந்தால் அழுகிவிடும் சதைப்பற்றுள்ள வேரும் கொண்ட அந்த மரம் முதலாவதாகப் பழகுவதற்கு உகந்ததன்று.

கிளுவையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வெட்டி நட்ட போத்திலிருந்தே வேர்விடுவதும், தண்டில் நீரைச் சேமித்துக்கொண்டு கோடையில் இலையுதிர்த்து நிற்பதும், முதல் மழைக்குச் சட்டென்று தளிர்ப்பதும் அதன் இயல்புகளாக இருப்பதால், வறள்நில போன்சாய்க்கு அதைவிடப் பொருத்தமான உள்ளூர் மரம் அரிது. கம்பி வேலியும் வீட்டுமனைகளும் பெருகப் பெருக, பல பத்தாண்டு வயதுடைய கிளுவை வேலிகள் ஜேசிபி இயந்திரத்தால் பெயர்க்கப்பட்டு எரிக்கப்படுகின்றன. அவ்வாறு பெயர்க்கப்படும் இடத்தில், நிலத்துக்குரியவரின் அனுமதியோடு, பருத்த அடிக்கட்டைகளை எடுத்துவந்து பிழைக்க வைப்பது கலைக்கும் நன்று, அந்த மரத்துக்கும் நன்று. உயிரோடு நிற்கும் வேலியில் அழகுக்காக ஒரு தூரைத் தோண்டுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று. அடுத்த தலைமுறை கொறங்காட்டைத் தட்டத்தில் மட்டுமே பார்க்கும் நிலை வருமானால் அந்தத் தட்டத்தால் யாருக்கும் பெருமையில்லை.

மரத்தைக் காப்பாற்றுவதும் கொல்லுவதும் நீரே. தட்டத்தில் நீர் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாதவரை எந்த அட்டவணையும் உதவாது. நீரூற்றி முடித்தபின், அடித்துளை திறந்திருந்தாலும், மண்துகள்களின் இடுக்குகளில் உள்ள நுண்புழை ஈர்ப்பினால் தட்டத்தின் அடியில் ஒரு படலம் அளவுக்கு நீர் வடியாமல் தங்கிவிடுகிறது. இதைத் தேங்குநீர் அடுக்கு எனலாம். துவைத்த பனியன் துணியைக் கொடியில் போட்டால் மேற்பகுதி உலர்ந்த பின்னும் அடிவிளிம்பில் ஈரம் நிற்பது போன்றதே இது. இந்த அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் பருமனேயன்றித் தட்டத்தின் ஆழம் அன்று. ஆகவே ஆழம் குறையக் குறைய, மொத்த மண்ணில் நீர் தேங்கிய பங்கு கூடுகிறது. அடிநீரைத் தவிர்க்கக் கருதி ஆழம் குறைந்த தட்டத்தில் தோட்டத்துச் செவ்வல் மண்ணை நிரப்புவோர், தம்மையறியாமல் வேரைச் சேற்றில் அமர்த்துகிறார்கள். துகளின் பருமனைக் கூட்டுவதே இதற்குத் தீர்வு: செங்கல் துண்டுகளை உடைத்து, தூள் முழுவதையும் சலித்தெடுத்து, ஏறத்தாழ 3 முதல் 6 மி.மீ. வரையுள்ள பொடிக்கல்லை மட்டும் எடுத்து, அதனோடு சிறிதளவு மட்கிய தொழுவுரமும் தென்னை நார்க்கழிவும் கலந்தால், ஜப்பானிலிருந்து வரும் விலையுயர்ந்த அக்கடாமா மண்ணின் வேலையை அது பெருமளவு செய்துவிடும். கொப்பரைத் தொழில் நிறைந்த இவ்வட்டாரத்தில் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதில் இயல்பாகவே உப்புகள் கலந்திருப்பதால், பலமுறை நல்ல நீரில் அலசிய பின்னரே கலக்க வேண்டும்.

உப்பு என்ற இச்சொல்லில்தான் இவ்வூரின் உண்மையான சிக்கல் அடங்கியிருக்கிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் சுண்ணாம்பும் பிற உப்புகளும் மிகுந்த கடின நீராக இருப்பதால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் தட்டத்தில் தங்கிச் சேர்கிறது. தட்டத்தின் விளிம்பிலும் தண்டின் அடியிலும் படியும் வெண்படலம் அதன் முதல் அறிகுறி. அடுத்ததாக, மண்ணின் காரத்தன்மை கூடுவதால் இரும்புச்சத்து கரையாத நிலைக்குப் போய்விட, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தளிரிலைகள் வெளிறுகின்றன. இதைப் பசி என்று எண்ணி உரத்தைக் கூட்டினால் உப்பு மேலும் ஏறும். அன்னபேதி உப்பை மிக நீர்த்த கரைசலாக்கி மாலை வேளையில் இலையில் தெளிப்பது தற்காலிகத் துணையாகுமே தவிர மருந்தாகாது. சிறுகச் சிறுகத் தெளிக்காமல், அடித்துளை வழியாகப் பெருகி ஓடும் அளவுக்கு ஒவ்வொரு முறையும் ஊற்றிச் சேர்ந்த உப்பை அடித்துச் செல்ல விடுவதும், பிடித்து வைத்த மழைநீரையோ குடிநீர்க் குழாய் நீரையோ இடையிடையே கொடுப்பதுமே வழி. வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியின் கழிவுநீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றும் நல்லெண்ணம் பலரிடம் உண்டு. ஆனால் மூலநீரின் உப்பு செறிந்து வெளியேறும் நீர் அதுவேயாதலால் தட்டத்து மரத்துக்கு அது ஆகாது. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் வெள்ளகோவில் கிளை வாய்க்காலில் நீர் வரும் நாட்களை எதிர்பார்த்து வாழும் கடைமடை உழவர்களுக்கும், 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி நொய்யல் பாசனம் பாழானதைக் கண்ட ஊர்க்காரர்களுக்கும், நீரின் அளவு ஒன்று, தரம் வேறொன்று என்பதை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

எப்போது ஊற்றுவது என்ற கேள்விக்கு விரலே விடை: மேல்மண்ணில் ஒரு விரற்கணு அளவு குத்திப் பார்த்து, ஈரம் மறையத் தொடங்கும்போது ஊற்ற வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் அது காலையும் மாலையும் ஆகலாம். ஐப்பசி அடைமழையில் பல நாட்கள் ஊற்றவே நேராமலும் போகலாம். இலையுதிர்த்த கிளுவைக்கு இரண்டு கணிப்பும் பொருந்தாது, அது தளிர்க்கும் வரை மண் பெரும்பாலும் காய்ந்தே இருக்க வேண்டும்.

வெயிலுக்கு அஞ்சும் அளவுக்குக் காற்றுக்குப் புதியவர்கள் அஞ்சுவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து, ஆனி, ஆடி மாதங்களில் மழையைத் தராமல் வேகத்தை மட்டும் கொண்டு இந்தச் சமவெளியைக் கடக்கிறது. தாராபுரம், உடுமலை, காங்கேயம் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அதனால்தான். வானம் மூடியிருப்பதால் மரம் வாடாது என்று தோன்றும், ஆனால் இலையிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவதில் இந்தக் காற்று வெயிலுக்கு இளைத்ததன்று. ஜூன், ஜூலை மாதங்களைத் தட்டம் மாற்றுவதற்கு ஏற்ற பருவமாகச் சொல்லும் இந்திய நூல்கள், அந்த மாதங்களில் நல்ல மழை பெறும் பகுதிகளுக்கே உண்மை சொல்கின்றன. வெள்ளகோவிலில் வேர் வெட்டிய மரத்தை ஆடிக்காற்றில் வைப்பது, குடிக்கும் வாயை மூடிவிட்டு வேர்க்கச் செய்வதற்கு ஒப்பாகும். வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து கிடைக்கும் புரட்டாசி, ஐப்பசியில் ஆல், அரசு, இச்சி வகைகளுக்குத் தட்டம் மாற்றுவதும், இலையுதிர்க்கும் மரங்களுக்குத் தளிர் அரும்பும் தருணத்தில் அதைச் செய்வதும் இங்கே ஏற்றவை. ஆடியில் மேற்குப் பக்கம் ஒரு நிழல்வலைத் தடுப்புப் போதும்.

கம்பி கட்டுதல் பற்றி நூல்கள் நிறையவே பேசுவதால் இங்கே சிறிது போதும். மோட்டார் காயில் கட்டும் கடைகளில் கிடைக்கும் மென்மையான செம்புக் கம்பியும், பட்டை கிழியாதிருக்க அதற்கடியில் சுற்றும் பனியன் வேஸ்ட் துணியும், விசைத்தறி ஊரில் தேடித் திரியாமலே அகப்படும் பொருள்கள். மழைக்காலத்தில் ஆல், இச்சிக் கிளைகள் மிக விரைவாகப் பருப்பதால், கட்டிய கம்பி ஒன்றிரண்டு மாதங்களிலேயே பட்டைக்குள் புதைந்து வடுவை உண்டாக்கும். எனவே வாரம் ஒருமுறை பார்த்து, இறுகத் தொடங்கியதும் சுற்றிக் கழற்றாமல் துண்டு துண்டாக வெட்டியெடுக்க வேண்டும்.

அரச மரத்தைத் தட்டத்தில் அடைப்பது பாவம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை இக்கலையில் ஈடுபடுவோர் அலட்சியம் செய்யலாகாது. உயிரின் மீதுள்ள அக்கறையே அப்பேச்சின் ஊற்று. பட்டினி போட்டுக் குறுக்கப்படும் மரம் நீடித்து வாழாது என்பதே அதற்கான நேர்மையான விடை. வாஷிங்டன் தேசிய மரப் பூங்காவில் உள்ள யமாகி பைன் 1625ஆம் ஆண்டிலிருந்து பேணப்பட்டு வருவது. 1945இல் ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோதும் பிழைத்து, 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாக வந்தது. இத்தனை நூற்றாண்டுகள் ஒரு மரம் வாழ வேண்டுமாயின், ஒவ்வொரு தட்டமாற்றத்திலும் பழைய வேர் வெட்டப்பட்ட இடத்தில் புதிய உறிஞ்சு வேர்கள் தோன்றியிருக்க வேண்டும், உணவு தவறாமல் கிடைத்திருக்க வேண்டும்.

இறுதியாக, தட்டம் என்பது மரத்தின் வளர்ச்சி முடியும் இடமேயன்றித் தொடங்கும் இடமன்று. ஆழமற்ற மண்ணில் அடித்தண்டு பருப்பது மிக மெதுவாகவே நிகழும் என்பதால், பென்சில் பருமனுள்ள கன்றை நேராகத் தட்டத்தில் ஏற்றுவோருக்குப் பத்தாண்டு கழிந்தும் கன்றே கிடைக்கிறது. காடும் கிணறும் உடைய வெள்ளகோவில் குடும்பங்களுக்கு இதில் நகரத்து மாடிவாசிகளுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு: தென்னைக்கு நீர் பாயும் வாய்க்காலோரத்தில், ஆணிவேரை வெட்டிய கன்றை ஓர் ஓட்டுத்துண்டின் மேல் அமர்த்தி நட்டால், கீழே இறங்க வழியற்ற வேர்கள் பக்கவாட்டில் பரவிப் பின்னாளில் தட்டத்துக்கு ஏற்றபடி தட்டையாக அமைகின்றன, மூன்று நான்கு ஆண்டுகள் தடையின்றி ஓங்கவிட்டு, அடி பருத்ததும் ஒரு சாண் உயரத்தில் தண்டைத் துணிந்து வெட்டி, பக்கத்தளிர் ஒன்றைப் புதிய நுனியாக்கி, அதுவும் தண்டின் பாதிப் பருமனை எட்டும்போது மீண்டும் வெட்டினால், அடி அகன்று நுனி குறுகும் மரவடிவம் நிலத்திலேயே உருவாகிவிடுகிறது. அதுவரை வெள்ளாடு எட்டாதபடி அதைச் சுற்றி நான்கு கிளுவைப் போத்துகளை நட்டு வைக்க வேண்டும், அவையும் வேர்விடும்.