மண் சுமந்த தீவு

"காசு குடுத்து ஜெயில்ல போய்ப் படுக்கப் போறியா?" என்று அம்மா போனில் கேட்டபோது, ஹோர்ன்ஸ்டுல் மெட்ரோ நிலையத்திலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தேன். நம்மூரில் களி தின்னப் போகிறவனிடம்கூட யாரும் வாடகை கேட்பதில்லை. நானோ முன்பணமே கட்டியிருந்தேன்.

ஸ்டாக்ஹோம் நகருக்குள்ளேயே இருக்கும் தீவு லோங்ஹோல்மென். சின்னப் பாலத்தைத் தாண்டினால் ஒரே மரங்கள். அதற்குள் சிறை, இப்போது ஹோட்டல். எனக்குக் கிடைத்த கொட்டடியில் கைகளை விரித்தால் இரண்டு பக்கச் சுவரையும் ஏறக்குறையத் தொட்டுவிடலாம். பெட்டியைத் தரையில் திறந்து வைத்த பிறகு, கதவுக்குப் போக அதைத் தாண்டித்தான் குதிக்க வேண்டியிருந்தது. படுத்துக்கொண்டு பார்த்தால் சன்னலில் வானம் மட்டும் ஒரு துண்டு.

பீர் வடித்துச் சம்பாதித்த ஒருவரின் மாளிகை இருந்த இடம் இது. 1724இல் அரசு அதை வாங்கி, பெண்களை அடைக்கும் நூற்பு இல்லமாக்கியது. பிச்சை எடுத்தவர்கள், வேலையின்றித் திரிந்தவர்கள், உடலை விற்றவர்கள் என்று பிடித்து வந்து கம்பளி நூற்க வைத்தார்கள். ஏழையாய் இருந்ததைத் தவிர அவர்களில் பலர் என்ன குற்றம் செய்தார்களோ! நான் படுத்திருந்த பெரிய சிறை பிறகு வந்தது, 1874 முதல் 1880 வரை கட்டியது. சுமார் 500 கொட்டடிகள்.

சிறை வரலாற்றுக்கென்று இங்கே ஒரு அருங்காட்சியகமும் உண்டு. வருகிறவர்கள் தேடுவது கில்லட்டின் கதையைத்தான். பணம் மாற்றும் கடையில் கொள்ளையடிக்கப் போய் ஒரு பெண்ணைக் கொன்ற வழக்கில், யோஹான் ஆல்ஃபிரட் ஆண்டரின் தலையை 1910 நவம்பர் 23 அன்று இங்கே வெட்டினார்கள். ஸ்வீடன் கில்லட்டினைப் பயன்படுத்தியது அந்த ஒரே தடவைதான். அதன்பின் அந்த நாட்டில் மரண தண்டனையே நிறைவேறவில்லை. 1975இல் சிறையை மூடினார்கள். 1989இல் ஹோட்டல் திறந்தது.

எனக்கு மனதில் தங்கியது வேறு. இந்தத் தீவு ஒரு காலத்தில் மொட்டைப் பாறையாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், சுற்றியுள்ள நீர்வழிகளில் தூர்வாரிய சேற்றைக் கைதிகள்தான் சுமந்து வந்து பாறைமேல் பரப்பியிருக்கிறார்கள். பிட்டுக்கு மண் சுமந்த சொக்கநாதருக்கு விழுந்தது ஒரே ஒரு பிரம்படி. அதுவும் பாண்டியன் முதுகிலேயே திரும்பி விழுந்தது. இவர்கள் சுமந்த கூடைகளுக்குக் கணக்கும் இல்லை, திருப்பி அடிக்க ஆளும் இல்லை.

சாயங்காலம் வெளியே வந்தேன். கரையில் பிள்ளைகள் தண்ணீரில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் புல்லில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். தலைக்கு மேலே வேஸ்டர்ப்ரோன் பாலத்தில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அம்மா மறுபடி கூப்பிட்டாள்.

"உள்ள எப்படிடா இருக்கு?"

"வெளிய நல்ல மரமா இருக்கும்மா."

பேசிக்கொண்டே ஒரு மரத்தடியில் குந்தி, கிடந்த குச்சியால் மண்ணைக் கிளறினேன். கறுத்த, ஈரமான மண். ஒரு சாண்கூட இறங்கவில்லை, குச்சி பாறையில் போய் முட்டியது.