நகரி மூக்கு

திருத்தணியைக் கடந்து சிறிது தொலைவில் ஆந்திர எல்லை வந்துவிடுகிறது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி அன்றைய சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது; நகரியோ ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. ஆயினும் ஏகாம்பரகுப்பம் நிலையத்தில் இறங்கிய எங்கள் செவியில் முதலில் விழுந்தது தமிழே.

எங்கள் தமையனார் இல்லத்தில் விசைத்தறியின் ஓசை ஓய்வதில்லை. அவர் மகளுக்கு வயது பத்தொன்பது. பள்ளியில் தெலுங்கு பயின்றவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். இரு வண்ண நூல்களை அருகருகே பிடித்துப் பார்ப்பதில் அவளுக்குத் தனிக் களிப்பு. நாராயணவனத்தில் பத்மாவதியின் தோழியர் வேடனாய் வந்த பெருமாளைக் கல்லால் அடித்த கதையை, அருகிருந்து கண்டவள்போலச் சொல்லிச் சிரிக்கிறாள்.

மாலையில் மாடியேறி மலையையே நோக்கிக் கொண்டிருப்பாள். மூக்கைப் போல் நீண்ட அச்சிகரம் வங்கக் கடலில் வந்த மாலுமிகளுக்கு அடையாளமாய் விளங்கியது என்றோம்.

“அப்படியானால், சித்தப்பா, இம்மலை கடலைப் பார்த்திருக்கிறது; நான்தான் பார்க்கவில்லை!” என்றாள்.

தை மாதத்தில் அவளுக்குத் திருமணம். மணமகன் வீடு புத்தூரில். அங்கும் தறிதான். ஒரு நாள் வேலை கெடுமே எனத் தமையனார் தயங்கினார். அண்ணியார்தாம் பரிந்து பேசி இணங்கச் செய்தார்.

மறுநாள் சென்னைக் கடற்கரையில் முழங்காலளவு நீரில் நின்றாள். சற்றைக்கெல்லாம் அலைகளுக்கு முதுகு காட்டித் திரும்பி, வீடுகளுக்கு அப்பால் தன் மலையைத் தேடலானாள்.